எண்ணெய்க் கடனும் எங்கள் கொழுந்தும்

(2025 ஒக்டோபரில் வடபகுதித் தொழிற்சங்கத் தோழர்கள் நல்லூரில் கூட்டிய கலந்துரையாடலில், எமது சங்கத்தின் சார்பில் கலந்துகொண்ட தோட்டப் பாடசாலை ஆசிரியை ஆற்றிய உரை.)



முதலில் ஒரு சொல்லைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குகிறேன். இந்தப் பக்கத்தில் ஒருவர் ‘தோட்டத்துக்குப் போறன்’ என்றால் வெங்காயத்துக்கோ மிளகாய்க்கோ புகையிலைக்கோ தண்ணீர் இறைக்கப் போகிறார் என்று அர்த்தம். தோட்டம் அவருடையது, அல்லது குத்தகைக்கு எடுத்தது. எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் லயமும் பிரட்டுக்களமும் தொழிற்சாலையும் கம்பனியும் சேர்ந்த ஒன்று. நாங்கள் தோட்டத்துக்குப் போவதில்லை, தோட்டத்திலேயே பிறந்து கிடக்கிறோம். இன்றைக்கு நான் தோட்டம் என்று சொன்னால் எந்தத் தோட்டம் என்று குழம்பவேண்டாம். இரண்டு தோட்டத்தையும் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். இரண்டையும் எண்ணெய் ஆட்டி வைக்கிறது.

‘வெளிநாட்டு எண்ணெயில் தங்கியிருக்கும் நிலையை ஒழிப்போம்’ என்று சொல்லாத கட்சி இந்த நாட்டில் இல்லை. நீலம் சொன்னது, பச்சை சொன்னது, இப்போது சிவப்பும் சொல்கிறது. சொல்வதில் பிழை இல்லை, ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் தொழிற்சங்கக்காரர்கள். யாராவது எதையாவது தருவதாகச் சொன்னால், அதற்கு யாருடைய சம்பளத்தில் வெட்டு விழும் என்று கேட்டுப் பழகிவிட்டோம். அந்தக் கேள்வியை இந்த வாக்குறுதியிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

கணக்கிலிருந்து வருகிறேன். நான் வாத்தியார், மன்னிக்கவேண்டும். இந்த நாட்டின் தேயிலை ஏற்றுமதியில் ஒரு வருடத்துக்கு வருவது ஏறக்குறைய 130, 140 கோடி டொலர். எரிபொருள் இறக்குமதிக்குப் போவது 400 கோடி டொலருக்கு மேல். அதாவது ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை நாடு முழுவதும் பறித்த கொழுந்தெல்லாம் சேர்ந்து, நாலு மாதத்துக்கு எண்ணெய் வாங்கக் காணும். மீதி எட்டு மாதத்துக்குத் தைத்த உடுப்பும், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் அனுப்பும் காசும், கடனும். எங்கள் லயங்களிலிருந்து போன பெண்களும் அதில் இருக்கிறார்கள். கொழுந்து பறித்தும் டொலர் கொண்டுவருகிறோம், குவைத்தில் பாத்திரம் கழுவியும் டொலர் கொண்டுவருகிறோம். ‘எண்ணெய்க்கு நாடு பணம் கட்டுகிறது’ என்று செய்தியில் வாசிக்கும்போது, அந்த ‘நாடு’ யார் என்பது எங்களுக்குத் தெரியும்.

இதை இன்னும் அப்பட்டமாகக் காட்டும் ஒரு கதை இருக்கிறது. உங்களில் சிலர் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை ஏறத்தாழ 25 கோடி டொலர் கடன்பட்டிருந்தது. அமெரிக்காவின் தடையால் வங்கி வழியாகப் பணம் கட்ட முடியவில்லை. 2021 டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள்: மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பிக் கடனைக் கழிப்பது. தேயிலை உணவுப் பொருள், அதனால் தடைக்குள் வராது. ஏற்றுமதி செய்யும் கம்பனிக்கு இங்கேயே ரூபாவில் பணம் கிடைக்கும். தேயிலை கப்பலேறும், கடன் குறையும். 2023இல் அனுப்பத் தொடங்கினார்கள்.

எட்டாம் தரத்துப் பிள்ளைகளுக்கு இதை ஒரு கணக்காகக் கொடுத்தேன். கிலோ 5 டொலர் என்று வைத்துக்கொண்டால் 50 இலட்சம் டொலருக்கு 10 இலட்சம் கிலோ தேயிலை வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து என்றால் 45 இலட்சம் கிலோ கொழுந்து. ஓர் ஆள் நாளுக்கு 20 கிலோ எடுத்தால் 2 இலட்சத்து 25 ஆயிரம் பேர். ‘பேர்’ என்றால் எங்கள் தோட்ட வழக்கில் ஒருநாள் வேலை. செக்றோலில் ஒரு பேர் விழுந்தால்தான் ஒருநாள் சம்பளம். ஆக, எண்ணெய்க் கடனின் ஒரு மாதத் தவணை 2 இலட்சத்து 25 ஆயிரம் பேர். ஒரு பிள்ளை எழுந்து, ‘டீச்சர், எங்க அம்மாவுக்கு அதுல எத்தன பேரு போட்டாங்க?’ என்று கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும்: இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி சிற்றுடைமையாளர்களின் காணியிலிருந்து வருகிறது. அது முழுவதும் எங்கள் முதுகில் ஏறிய பாரம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஒப்பந்தம் எழுதப்பட்ட நேரம் எங்கள் நாட்சம்பளம் 1,000 ரூபா. அது கிடைத்ததே 2021 மார்ச்சில், வருடக்கணக்காகக் கத்திய பிறகு. எண்ணெய்க் கடனைத் தேயிலையால் அடைக்கலாம் என்று கண்டுபிடித்த மேசையில் பறிக்கிறவரின் கூலியைப் பற்றி ஒருவர் வாய் திறந்ததாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

அதே ஈரானின் உதவியோடு தொடங்கிய உமா ஓயா திட்டத்தை 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து திறந்துவைத்தார். 120 மெகாவாட் மின்சாரம், எண்ணெய் இறக்குமதி குறையும் என்றார்கள். சுரங்கம் தோண்டிய காலத்தில் பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. ஊவாவில் தண்ணீருக்கு அலைந்த சனத்துக்கு அந்த 120 மெகாவாட்டின் கணக்கு வேறு.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். எண்ணெய் இல்லாமல் வாழ முடியாது என்பது எங்கள் மலையில் ஒருகாலத்தில் உண்மையாக இருக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் நூற்றுக்கணக்கான தேயிலைத் தொழிற்சாலைகள் பக்கத்து ஓடைத் தண்ணீரில் ஓடின. தோட்டத்துக்குத் தோட்டம் சிறிய நீர்மின் இயந்திரம் இருந்தது. டீசலும் பொது மின்கம்பியும் மலிவாக வந்தபிறகு அவற்றைத் துருப்பிடிக்க விட்டார்கள். சுதேசி எரிசக்தி, பசுமை எரிசக்தி என்று இன்று கொண்டாடுவதெல்லாம் அந்த மலையில் அன்றே இருந்தது. ஆனால் தொழிற்சாலையில் வெளிச்சம், துரை பங்களாவில் வெளிச்சம், லயத்தில் குப்பி விளக்கு. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், சக்தி உள்நாட்டில் பிறந்துவிட்டால் அது தானாகவே எல்லா வீட்டுக்கும் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் அந்த ஓடை லயத்தைக் கடந்துதான் ஓடியது.

பிறகு லக்சபான. பொறியியலாளர் விமலசுரேந்திர இந்த நாட்டின் அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே எழுதிக்காட்டினார். தொடங்கி, நிறுத்தி, இழுபட்டு, 1950இல்தான் லக்சபான இயங்கியது. அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் எங்கள் வாக்குரிமையும் போனது. அந்த வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள், அதனால் இங்கே எந்தக் கட்சி உடைந்தது என்பதெல்லாம் நல்லூரில் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வாக்கு இல்லாதவனுக்கு யார் வாக்குறுதி கொடுப்பார்கள்? மின்கம்பி எங்கள் லயத்தின் கூரைக்கு மேலாகக் கொழும்புக்குப் போனது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்காகத் தேயிலை மலைகள் மூழ்கின. பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்கு அடியில் போனது. வரட்சி வந்து நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில் வெளியே தெரியும், சனம் பார்க்கப் போகும். எங்கள் லயங்கள் பலவற்றுக்கு மின்சாரம் வந்தது இதற்கெல்லாம் 40 வருடத்துக்குப் பிறகு. மேல் கொத்மலையும் அப்படித்தான், 150 மெகாவாட், 2012. தலவாக்கலையில் எங்கள் கட்சிகளும் சங்கங்களும் வருடக்கணக்காக எதிர்த்துப் பார்த்தன. சென் கிளயர் அருவியின் தண்ணீர் குழாய்க்குள் போனது.

உங்கள் பக்கத்துக்கும் லக்சபான மின்சாரம் வந்தது, போரில் அறுந்தது. பிறகு போர் முடிந்து சில வருடங்கள் கழித்தே சுன்னாகத்துக்குத் திரும்பிவந்தது. இடைப்பட்ட காலத்தை நான் உங்களிடமிருந்துதான் கேட்டுப் படிக்கவேண்டும். தடைப்பொருள் பட்டியலில் எரிபொருள் இருந்த அந்த வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கில் சோதனைக்குப் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் இருக்கிறீர்கள். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் இருக்கிறீர்கள். எண்ணெயில் தங்கியிருக்காமல் வாழ்வது எப்படி என்று உலகத்துக்குப் பாடம் எடுக்கக்கூடியவர்கள் நீங்கள். ஆனால் அது நீங்கள் கேட்டு வந்ததல்ல. எண்ணெயை நிறுத்துவது ஒரு கொள்கை என்றும் ஓர் ஆயுதம் என்றும் இரண்டு விதமாகவும் இருக்கலாம் என்பதை நீங்கள் மற்றவர்களுக்கு முன்பே கண்டுவிட்டீர்கள்.

எண்ணெயை அரசாங்கத்தின் கைக்குக் கொண்டுவந்த காலமும் இருந்தது. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் சொத்துகளை எடுத்தார்கள், சோவியத்திலிருந்து மலிவாக எண்ணெய் வந்தது. நட்டஈடு போதாது என்று 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1965இல் வந்த அரசாங்கம் நட்டஈட்டைக் கொடுத்துச் சமாதானம் ஆனது. 1969இல் சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது, ஈரான் எண்ணெய்க்கு ஏற்றமாதிரி. நான் இதை எள்ளி நகையாடவில்லை. இந்த வரிசையில் எனக்கு மதிப்பு உள்ள ஒரு முயற்சி என்றால் அதுதான். ஆனாலும் எண்ணெய் விற்கிறவர் மாறினாரே தவிர, எண்ணெய் வெளியிலிருந்தே வந்தது. அந்த வித்தியாசம் 1973இல் தெரிந்தது. அரபு நாடுகள் விலையை ஏற்றியபோது சில மாதங்களில் நாலு மடங்கானது. அரிசி, மா, சீனி எல்லாம் உலகச் சந்தையில் சேர்ந்து ஏறின. நாட்டின் டொலர் தீர்ந்தது, பங்கீட்டு அரிசி வெட்டப்பட்டது.

அந்தக் காலம் உங்கள் தோட்டத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் ஒரேமாதிரி இருக்கவில்லை. வெங்காய, மிளகாய் இறக்குமதி தடைப்பட்டதால் குடாநாட்டு விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது. கிணற்றடியில் மண்ணெண்ணெய் மோட்டார் ஓய்வில்லாமல் ஓடியது, கல்வீடுகள் எழும்பின என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது பட்டினிக் காலம். சொந்தக் காணி இல்லை, மரவள்ளி ஊன்ற ஓர் அடி நிலமில்லை. கூப்பன் அரிசி குறைந்தால் சாப்பாடு அதோடு முடிந்தது. 1973, 74இல் தோட்டங்களில் சனம் பசியால் செத்தது. குப்பைமேட்டில் கிளறிச் சாப்பிட்ட கதையை எங்கள் வீட்டுக் கிழவிகள் இன்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகும் 1977 கலவரத்துக்குப் பிறகும் மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று உங்கள் வன்னித் தோட்டங்களில் கூலிக்கு நிற்கிறார்கள். ஆதலால் எண்ணெய் விலை என்பது எங்களுக்குப் பொருளாதாரப் பாடத்தில் வரும் ஒரு வளைகோடு மட்டுமல்ல.

2022ஐப் பற்றி நீட்டத் தேவையில்லை, எல்லோரும் வரிசையில் நின்றோம். டொலர் இல்லாமல் 2021 நவம்பரில் சப்புகஸ்கந்தை மூடப்பட்டது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு. ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்றது. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனது, எங்களில் காஸ் வாங்கத் தொடங்கியிருந்தவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். ஆனால் இரண்டு விலைகளை மட்டும் நினைவில் வையுங்கள் என்று கேட்கிறேன். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை வந்தது. வாகனத்துக்கு இலக்கம் இருக்கிறது, குப்பி விளக்குக்கும் நீர் இறைக்கும் மோட்டாருக்கும் ஏது இலக்கம்? பருத்தித்துறையிலும் குருநகரிலும் மண்ணெண்ணெயில் ஓடும் வள்ளங்கள் கரையில் கிடந்தன. மற்றது மின்கட்டணம். 2023 பெப்ரவரியில், மாதம் 30 அலகுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு ஓர் அலகு 8 ரூபாவிலிருந்து 30 ரூபாவாகவும், நிலைக்கட்டணம் 120 ரூபாவிலிருந்து 400 ரூபாவாகவும் ஏறியது. 30 அலகு பாவித்தவருக்கு 360 ரூபா பில் 1,300 ரூபாவானது. எங்கள் ஒருநாள் சம்பளத்துக்கு மேல். பிறகு குறைத்தார்கள், சரி. குறைக்கும்வரை பல வீடுகளில் எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தார்கள் என்று என் பிள்ளைகளின் வீட்டுவேலைக் கொப்பியைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இனி மன்னாருக்கு வருவோம். அது இரண்டு வகை வாக்குறுதிக்கும் ஒரே விலாசம்.

முதலாவது, கடலுக்கு அடியில் எண்ணெய். 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் துளையிட்டார்கள், விற்கக்கூடிய எண்ணெய் வரவில்லை. 2011இல் கெய்ர்ன் கம்பனி மன்னார்க் கடற்படுகையில் இரண்டு இடங்களில் இயற்கை வாயுவைக் கண்டது, நாலு வருடத்தில் விட்டுவிட்டுப் போனது. எரிசக்தி அமைச்சராக இருந்த உதய கம்மன்பில, அந்தக் கடலடிச் செல்வம் நாட்டின் கடனைப்போலப் பல மடங்கு என்ற பொருளில் பேசிக்கொண்டிருந்தார். 2021 ஜூனில் பெற்றோல் லீற்றருக்கு 20 ரூபா கூட்டியபோதும் அமைச்சர் அவர்தான். பேசாலை மீனவர் ஒருவருக்கு இந்த இரண்டு செய்தியில் எது உண்மையாக வந்து சேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, காற்று. 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து வரும் என்று கோட்டாபய காலத்தில் சொன்னார்கள், இன்றைய அரசாங்கமும் அந்த இலக்கை வைத்திருக்கிறது. இதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மின்சாரத்தில். நாட்டுக்கு வரும் எண்ணெயில் பெரும்பங்கு பஸ், லொறி, கார், முச்சக்கரவண்டி, வள்ளம் இவற்றுக்குப் போகிறது. மின்சாரம் முழுவதும் காற்றிலிருந்து வந்தாலும் அந்த எண்ணெய் அப்படியே வரும். இந்த வருடம் பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். வரிக்காசு வேண்டும், புரிகிறது. ஆனால் ஒரு கையால் எண்ணெயைக் குறைப்போம் என்று எழுதி, மறு கையால் காரை இறக்கி, எங்கள் வீதியில் பஸ்ஸை மட்டும் கூட்டாமல் விட்டால் அது என்ன கொள்கை? எங்கள் பாடசாலைக்கு வரும் ஆசிரியர்கள் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு அந்த வகுப்பு இல்லை.

மன்னாரில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையில் 30 காற்றாடிகள், 103.5 மெகாவாட். பிறகு அதானி. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட், 20 வருடத்துக்கு அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். அதற்குள் மன்னாரில் 50 மெகாவாட்டுக்கு ஓர் உள்ளூர்க் கம்பனி கேட்ட விலை 4.65 சதம். இரண்டுக்கும் வித்தியாசம் மூன்றரைச் சதத்துக்கு மேல், அதுவும் 20 வருடத்துக்கு. எரிபொருள் காற்று, அது இலவசம். அப்படியென்றால் அந்த வித்தியாசம் யாருடைய பில்லில் வந்திருக்கும்? இந்த வருடம் ஜனவரியில் அமைச்சரவை அந்த விலையை ரத்துச்செய்தது, பெப்ரவரியில் கம்பனி விலகியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு கதையும் உங்களுக்குத் தெரியும். 2021இல் சீனக் கம்பனிக்குக் கொடுத்தார்கள், இந்தியா முகம் சுளித்தது, சீனா விலகியது, இந்தியா மானியம் தருவதாக வந்தது. தீவுச் சனத்துக்கு டீசல் இல்லாத மின்சாரம் என்ற நல்ல யோசனை இரண்டு நாட்டுக்கு நடுவில் பந்தாகிப்போனது. எண்ணெயில் தங்கியிருப்பதை விட்டு வேறொருவரின் காற்றாடியிலும் கடனிலும் தங்கியிருக்கப் போகிறோமா என்று கேட்பதற்கு நாம் வெட்கப்படக்கூடாது.

இந்த ஓகஸ்ட்டில் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். தண்ணீர் ஓடவேண்டிய வழி அடைபட்டு வெள்ளம் நிற்கிறது, மீன்பாடு போகிறது, பறவைகள் வரும் பாதை கெடுகிறது என்றார்கள். ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள். பிறகு கடந்த மாதம் இரவோடு இரவாகப் பொலிஸ் காவலோடு பாகங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள், மறித்த சனம் அடிவாங்கியது. நான் காற்றாலைக்கு எதிரியில்லை. இன்னும் சொல்லப்போனால், காற்றாடி வேண்டும் என்பதுதான் என் கட்சி. சுன்னாகத்தில் என்ன நடந்தது? தனியார் அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெயால் கிணறுகள் கெட்டன, 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. எண்ணெயால் எரியும் மின்சாரம் கிணற்றுத் தண்ணீருக்கு என்ன செய்யும் என்று கண்ட ஊர் இது. ஆனால் மன்னார்க்காரருக்குப் பொலிஸ் தடியோடு போன மின்சாரம், 1950இல் எங்கள் கூரைக்கு மேலால் போன மின்சாரத்தின் தம்பிதான். மேற்கோட்டு மலையும் மன்னார்த் தீவும் நாட்டுக்காகத் தியாகம் செய்யவேண்டும், வெளிச்சம் வேறு இடத்தில்.

அடுத்தது சூரியன். வீட்டுக்கூரையில் சூரியத்தகடு போட்டு மின்சாரம் விற்கலாம் என்ற திட்டம் 2016இலிருந்து வேகமாகப் பரவியது. வசதியுள்ளவர்கள் போட்டார்கள், பில் பூச்சியமானது, சிலருக்கு மாதம் காசும் வருகிறது. நல்லது. இந்த வருடம் பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்தது என்றார்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பாவனை குறைந்து சூரிய மின்சாரம் கூடியதால் மின்கட்டமைப்பு தாங்கவில்லை என்றார்கள். ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகல்நேரத்தில் கூரைத்தகடுகளை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. ஒரு பக்கம் டொலர் கொடுத்து எண்ணெய் வாங்குகிறோம், மறுபக்கம் வெயிலில் விளைந்ததை வீசுகிறோம். சேமித்துவைக்கப் பற்றரி இல்லை.

இதில் எங்கள் நிலை என்ன? கூரைத்தகடு போட முதலில் கூரை வேண்டும். லயத்தின் கூரை யாருடையது? காணி அரசாங்கத்தினுடையது, 1992இலிருந்து கம்பனியின் கையில். எங்கள் பக்கத்தில் பல லயங்களில் மின்மானி தொழிலாளியின் பெயரிலேயே இல்லை. பெயர் இல்லாதவர் மின்சாரம் விற்க ஒப்பந்தம் செய்யமுடியாது. உறுதி இல்லாதவருக்கு வங்கி கடன் தராது. அந்த வெயில் எங்கள் தகரத்தில் விழுந்து வீட்டைச் சுடவைக்கிறதோடு சரி. அதே மலையில் கம்பனிகள் சிறிய நீர்மின் நிலையம் வைத்து மின்சார சபைக்கு விற்கின்றன. பழைய ஓடை திரும்பிவிட்டது, இப்போதும் லயத்தைக் கடந்துதான் ஓடுகிறது.

அதனால்தான், காணி உரிமைப் போராட்டத்தையும் எரிசக்தி வாக்குறுதியையும் தனித்தனியாக வைக்காதீர்கள் என்று எங்கள் சங்கத்துக்குள் நான் சண்டை பிடிக்கிறேன். காணி உறுதி இருந்தால் மின்மானி எங்கள் பெயரில் வரும். மின்மானி வந்தால் கூரை ஒரு வருமானம். அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் இருக்கிறது: தோட்டப் பாடசாலைகளின் கூரைகள் அரசாங்கத்தினுடையவை. அங்கே பற்றரியோடு தகடு போட்டு, பக்கத்து லயங்களுக்கு இரவில் மின்சாரம் கொடுக்கலாம். பற்றரி செலவு கூடியதுதான். ஆனால் அது டொலரை எரிக்கும் செலவல்ல, ஒருதடவை வாங்கி வருடக்கணக்காக வைத்துக்கொள்ளும் செலவு.

உங்கள் தோட்டத்தில் மண்ணெண்ணெய் மோட்டாருக்குப் பதில் சூரிய மோட்டார் வைக்கலாம் என்கிறார்கள். இதில் நான் வெளியாள், தெரிந்ததைச் சொல்கிறேன், திருத்துங்கள். குடாநாட்டுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் மழையால் சேரும் தண்ணீர். அளவுக்கு மேல் இறைத்தால் கடல் உள்ளே வரும், கிணறு உவராகும். மண்ணெண்ணெய் விலை இதுவரை இறைப்புக்கு ஒரு கடிவாளமாகவும் இருந்தது. சூரிய மோட்டார் காலையிலிருந்து மாலைவரை இலவசமாக இறைத்தால் அந்தக் கடிவாளம் போய்விடும். ஆகவே மோட்டாரோடு, எவ்வளவு இறைப்பது என்று ஊரே கூடி முடிவெடுக்கும் ஓர் ஏற்பாடும் வேண்டும். அமைச்சர் திறந்துவைத்துப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார். உவர்க்கிணறு உங்களிடம் இருக்கும்.

அடுத்த மாதம் வரவு செலவுத்திட்டம் வருகிறது. எங்கள் 1,350 ரூபாவை எவ்வளவால் கூட்டுவார்கள் என்ற கேள்வியோடு மலை காத்திருக்கிறது. அந்தப் பேச்சோடு சேர்த்து, எரிசக்தி அமைச்சுக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் தயாரித்திருக்கிறோம். லயத்து மின்மானியைக் குடியிருப்பவர் பெயருக்கு மாற்றுவது, பாடசாலைக் கூரைகள், 30 அலகு வீட்டுக்கு இனி அப்படியொரு கட்டண ஏற்றம் வராமல் தடுப்பது, ஈரான் கடனுக்கு இதுவரை போன தேயிலையின் அளவையும் அதற்குக் கம்பனிகளுக்குக் கொடுத்த தொகையையும் வெளியிடுவது என்று எழுதியிருக்கிறோம். மன்னார்ப் பகுதிக்கு ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். அதை மலையிலிருந்து நாங்கள் எழுதினால் சரியாக வராது. கடந்த மாதம் அங்கே போய்வந்த தோழர்கள் இந்த மண்டபத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மீனவர் சங்கங்களோடு பேசி அந்தப் பக்கத்தை நீங்கள் நிரப்பித் தாருங்கள். விவசாயிகளின் மண்ணெண்ணெய் பற்றியும் சேர்க்கவேண்டுமென்றால் சேருங்கள். பிரதிகள் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கின்றன. தேநீர் குடிக்கும்போது எடுத்து வாசித்து, பிழை இருந்தால் பேனையாலேயே வெட்டித் திருத்தித் தாருங்கள். நாளைக் காலை பஸ்ஸில் நான் திரும்பிப் போகுமுன் கையில் கிடைத்தால் போதும்.